பொத்தையை உடைச்சா பொதிகைக்கு என்ன?

2025 ஜூன் 8, ஞாயிறு. வந்த கேள்வி

"அண்ணாச்சி, நான் சுரண்டை பக்கம், இப்பம் கோயம்புத்தூர்ல வேலை. மலையைப் பத்தி நீங்க எழுதுததை எல்லாம் படிக்கேன், ஆனா ஒண்ணு வெளங்கல. பொதிகை மலையில போயி ஒரு கம்பை ஒடிக்க முடியுமா? புலிகள் காப்பகம், கேட்டு, செக்போஸ்ட்டுன்னு அது பத்திரமாத்தான இருக்கு. வெளிய சும்மா கிடக்கிற மொட்டைப் பொத்தையை, அந்தச் சின்னப் பாறைக் குன்றை, உடைச்சு ரோடு போட்டா, வீடு கட்டுனா உங்களுக்கு என்ன வருத்தம்? நாலு பேருக்கு வேலையும் கிடைக்குல்லா?"

ஜூன் 8, ராத்திரி

மொட்டைப் பொத்தைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க தம்பி, அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

எங்க ஊரு கடையம் பக்கம். மேக்க பாத்தா மலை, கிழக்க பாத்தா பொத்தை. மலையில சூரியன் விழும், பொத்தையில சூரியன் எந்திரிக்கும், அம்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச திசை அதுதான். குவாரி வந்து பதிமூணு வருஷம் ஆச்சு. மொதல்ல பின்பக்கம் உடைச்சதால ஊருக்குள்ள ஒண்ணும் தெரியல, வெடிச் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் உச்சியில கை வெச்சாங்க. எங்க ஆச்சி தினமும் காலைல திண்ணையில உக்காந்து வெத்தலை இடிப்பா, ஒருநாள் "ஏல, வெயில் என்ன இம்புட்டு வெள்ளனே வந்துருது"ன்னா. நாங்க வயசாயிட்டுன்னு நெனைச்சோம். அப்புறம் நானே போயி திண்ணையில உக்காந்து பாத்தேன், ஆச்சி சொன்னது சரி. முன்னால பொத்தை மறைச்சு நின்ன இடத்துல வானம் ஓட்டையா இருக்கு, அது வழியா வெயில் நேரா திண்ணையில விழுது. ஒரு பொத்தை குறைஞ்சதை ஆச்சி வெயிலை வெச்சே கண்டுபிடிச்சுட்டா.

மலை பத்திரமா இருக்குன்னு சொல்லுதீங்க. களக்காடு முண்டந்துறை 1988-லயே புலிகள் காப்பகம் ஆச்சு, தமிழ்நாட்டுலயே அதுதான் மொதல், கிட்டத்தட்ட 895 சதுர கிலோமீட்டர். அதைக் காப்பாத்துனதுல எனக்கு இன்னிக்கும் சந்தோசந்தான். ஆனா மலைங்கிறது வரைபடத்துல போட்ட கோட்டோட முடிஞ்சு போறது இல்ல. அடிவாரம், சரிவு, ஓடை, பொத்தை, குளம், இது எல்லாம் சேந்துதான் எங்களுக்கு மலை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118ன்னு இங்க சின்னப் புள்ளைக்குக்கூட மனப்பாடம், பேப்பரைத் தொறந்ததும் அணை நீர்மட்டத்தைத்தான் பாப்போம். எங்க ஊருக் குளத்துக்கு எவனும் மட்டம் போடுறதில்ல. அந்தக் குளத்துக்கு அணைத் தண்ணி வராது, கால்வாயும் கிடையாது. பொத்தையில பெய்யிற மழை ரெண்டு ஓடையில எறங்கி வந்தாத்தான் குளம் பெருகும், குளம் பெருகுனாத்தான் வயலு. பொத்தைதான் எங்களுக்கு அணை.

ஜூன் 9, காலைல

ராத்திரி தூக்கக் கலக்கத்துல பாதியில விட்டுட்டேன். மொட்டை இல்ல தம்பி அது. உசிலை, கள்ளி, பாறை இடுக்குல நன்னாரி. சின்ன வயசுல லீவு நாள்ல நன்னாரி வேர் தோண்டிட்டு வருவோம், அதைக் காயப்போட்டு ஆச்சி பானைத் தண்ணியில போட்டு வெப்பா. ஆடு மேய்க்கிறவங்களுக்கு அதுதான் மேய்ச்சல். முயல், உடும்பு, கீரி, மயிலு. பாறை விளிம்புல கொம்பன் ஆந்தை குடியிருந்துச்சு, சாயங்காலம் மங்குன வெளிச்சத்துல அது உக்காந்திருக்கிறதைப் பாத்தா பாறையில காது முளைச்ச மாதிரி இருக்கும். குவாரி வந்தப்புறம் நான் அதைப் பாக்கல.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் இந்தக் குவாரிகதான் காரணம், அதையும் சேத்துக்கிடுங்க.

ஜூன் 11

இதை எழுதணுமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன், எழுதாம விட்டா நேர்மையா இருக்காது.

2010-ல தாமிரபரணியில மணல் அள்ளுறதை எதுத்து நல்லகண்ணு ஐயா ஐகோர்ட் மதுரைக் கிளையில வழக்குப் போட்டு, வக்கீல் வைக்காம அவரே நின்னு வாதாடி தடை வாங்குனாரு. அன்னிக்கு நாங்க இங்க மிட்டாய் வாங்கிக் குடுத்தோம். ஆத்துக்குள்ள பொக்லைன் நின்ன காலம் அது, ஆள் உயரத்துக்குக் குழி குழியா தோண்டிப் போட்டிருப்பாங்க, குளிக்கப் போற புள்ளைக அதுல மாட்டிக்கிடும். தடை வந்தது பெரிய புண்ணியம். ஆனா வீடு கட்டுறது நிக்கலையே. ஆத்து மணல் கிடைக்கலைன்னதும் எல்லாரும் எம்-சாண்டுக்குப் போனோம். எம்-சாண்டு எங்கருந்து வருது? பாறையை உடைச்சு, கிரஷர்ல அரைச்சு, தண்ணி விட்டுக் கழுவித்தான் வருது. ஆத்தைக் காப்பாத்துன கையோட பொத்தையைத் தூக்கிக் குடுத்துட்டோம், அது குடுத்தப்போ எங்களுக்குத் தெரியல.

நான் 2016-ல வீடு கட்டுனேன். 1,200 சதுர அடி. பழைய பில்லு, நடைச்சீட்டு எல்லாம் பீரோவுல கிடந்துச்சு, நேத்து எடுத்துப் பாத்தேன். ஜல்லியும் எம்-சாண்டும் சேத்து 38 யூனிட். கல்லு எங்கருந்து வந்துச்சுன்னு சீட்டுலயே போட்டிருக்கு, எங்க பொத்தைதான். ஆச்சி திண்ணையில விழுற வெயில்ல எனக்கும் பங்கு இருக்கு.

ஜூன் 12

யூனிட்டுன்னா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. ஒரு யூனிட்டு 100 கன அடி. பத்துக்குப் பத்து ரூம்பு, பத்தடி உயரம்னு வெச்சா அந்த ரூம்பு நிறைய கல்லு கொட்டுனா 10 யூனிட். என் வீட்டுக்குப் போனது தரையில இருந்து கூரை வரைக்கும் கல்லு நெரப்புன நாலு ரூம்பு மாதிரி, கொஞ்சம் கம்மி. அஸ்திவாரத்துக்குப் போட்ட குண்டுக்கல் இதுல சேராது.

ஜூன் 15

வேலை கிடைக்குல்லான்னு கேட்ட தம்பிக்கு. கிடைக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா வெடி வைக்கிறதுக்கு ஒரு குழு, பொக்லைன் ஓட்ட ரெண்டு பேரு, கிரஷர்ல நிக்கிறது வடமாநிலத்துப் பையங்க, லாரி டிரைவரு வெளியூரு. எங்க ஊர்ல இருந்து போறவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். அதுலயும் பாதிப் பேரு குளம் பெருகாததால வயலை விட்டுட்டுப் போனவங்க. அப்பம் அந்த வேலையை எந்தக் கணக்குல எழுத?

அடைமிதிப்பான்குளத்தை மறந்துட்டோமா? 2022 மே 14 ராத்திரி, குவாரிக் குழிக்குள்ள பாறை சரிஞ்சு 6 பேரு மாட்டிக்கிட்டாங்க, 4 பேரு செத்துப்போனாங்க. கடைசி ஆளை எடுக்க ஒரு வாரம் ஆச்சு. நான் மறுநா போயிருந்தேன், மேல நின்னு பாத்தா கீழ நிக்கிற லாரி தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. அம்புட்டு ஆழத்துக்கு படிப்படியா வெட்டி எறங்கணும், அதுதான் முறை. செங்குத்தா வெட்டுனா மேல இருக்கிற பாறை ஒருநாள் எறங்கத்தான செய்யும்.

அப்புறம் கல்லு எங்க போகுதுங்கிற விசயம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல எங்க ரோட்டுல வந்து நில்லுங்க. தாரஸ் லாரி ஒண்ணு பின்னால ஒண்ணா புளியரை செக்போஸ்ட்டைப் பாத்துப் போகும், தார்ப்பாய் போத்தாம, சக்கரம் அமுங்கி. அந்தப் பக்கம் கேரளாவுல, அவங்க மலையில குவாரிக்குக் கெடுபிடி, ஆனா கல்லு வேணும். விழிஞ்ஞம் துறைமுகத்துல கடலுக்குள்ள கிட்டத்தட்ட 3 கிலோமீட்டருக்கு அலைத் தடுப்பு போட்டிருக்காங்க, அதுக்கு நெல்லை, தென்காசி, குமரி மாவட்டத்துல இருந்து போன கல்லு எம்புட்டு! மலையாளத்துக்காரங்களைத் திட்டி முன்னால நானும் எழுதியிருக்கேன். இப்பம் யோசிச்சா அவங்க மேல எனக்குக் கோவம் வரல. தன் மலையைத் தொடாதேன்னு அவங்க கேட்டாங்க, நாம கேக்கல.

ஜூன் 22, குத்தாலத்துல இருந்து

சாரல் நல்லா இருக்கு. ஐந்தருவியில கூட்டம் தாங்கல, பழைய குத்தாலத்துல வரிசை. அரியங்காவு கணவாய் வழியா வாற காத்து மூஞ்சியில அடிக்கும்போது வேற எதையும் நெனைக்கத் தோணாது.

ஆனா இங்கயும் பாருங்க. அருவிக்கு மேல வாற ஓடையைத் திருப்பிக் குழாய் போட்டு, சொந்தமா அருவி வெச்சிருந்தாங்க சில ரிசார்ட்டுக்காரங்க, "பிரைவேட் பால்ஸ்"னு போர்டு வேற. 2022-ல மதுரைக் கிளை அதுமேல நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் அடங்குச்சு. அருவிக்கு விலை வெச்ச காலத்தைப் பாத்துட்டோம். போன வருசம் மே 17 அன்னிக்கு பழைய குத்தாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் போயிட்டான். மேல மழை பெஞ்சா கீழ எம்புட்டு நேரத்துல தண்ணி வரும்னு அந்தக் காலத்துல கடை வெச்சிருந்த கிழவங்க சொல்லுவாங்க, தண்ணி நிறம் மாறுச்சுன்னா "ஏறு ஏறு"ன்னு கத்துவாங்க. இப்பம் அந்த இடத்துல கார் பார்க்கிங்.

ஜூன் 23

கரண்டு எடுக்கிற காத்தாடி வந்தப்போ எதுத்தீங்களான்னு ஒருத்தர் கேக்காரு. இல்ல, எதுக்கல. காத்து அடிச்சு முடிஞ்சா காத்து தீந்து போயிராது. பொத்தை தீந்து போகும்.

ஜூலை 2

ஜூன் 9-ல நான் எழுதுன ஒரு வரியைத் திருத்தணும். 2023 வெள்ளத்துக்குக் குவாரிதான் காரணம்னு எழுதிட்டேன். அது தப்பு. பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டயர் ஆன எங்க மச்சான் படிச்சுட்டு போன் போட்டு ஒரு மணி நேரம் பேசுனாரு. டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது, எங்களுக்கு ஒரு வருசம் முழுக்கப் பெய்யிறதுல பெரும்பங்கு அது. அப்படிப் பெஞ்சா காடு இருந்தாலும் பொத்தை இருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும், குவாரி மேல பழி போட்டா நம்ம பேச்சை நாளைக்கு எவனும் கேக்க மாட்டான்னாரு. சரிதான்.

ஆனா அவரே இன்னொண்ணும் சொன்னாரு. வெள்ளம் வந்தது மழையால, எங்க குளத்தங்கரை உடைஞ்சது ஓடையால. எம்-சாண்டு கழுவுன சேறு பத்து வருசமா வடக்கு ஓடையில எறங்கி எறங்கி, ஓடை இருந்த இடமே சிமெண்டு பூசுன மாதிரி இறுகிப்போச்சு. அன்னிக்கு ராத்திரி தண்ணிக்கு ஓடை கிடைக்கல, நேரா கரைமேல ஏறுச்சு. கரை உடைஞ்சப்போ நான் அங்கதான் நின்னேன், மணி ரெண்டு இருக்கும், டார்ச் வெளிச்சத்துல தண்ணி பால் கலர்ல இருந்துச்சு. ஆத்து வெள்ளம் செம்மண் கலர்ல வரும், பால் கலர்ல நான் பாத்ததே கிடையாது. காலைல வயலுக்குப் போனா நாத்து மேல எல்லாம் வெள்ளையா படிஞ்சு காஞ்சு கிடந்துச்சு, தொட்டா மாவு.

ஜூலை 6

மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்தைப் பத்தி ஏன் ஒண்ணும் சொல்லலைன்னு கேட்டிருக்கீங்க. சொல்லக் கஷ்டமா இருக்கு, அதான்.

1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 99 வருசக் குத்தகைக்கு 8,373 ஏக்கர். அதுல ஒரு பகுதிக் காட்டை வெட்டித் தேயிலை போட்டாங்க. 2028-ல குத்தகை முடியுது, 2024-ல தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுன்னு குடுத்து வேலையை நிப்பாட்டியாச்சு. காடு காடாகணும்னு நானும் ஆசைப்பட்டவன்தான். அங்க நாலுமுக்கு எஸ்டேட்டுல பொறந்து வளந்த ஒரு மைனி இப்பம் எங்க தெருவுல வாடகைக்கு இருக்காங்க. கீழ வந்து மூணு மாசம் வரைக்கும் ராத்திரி ஃபேன் சத்தத்துல தூக்கம் வரலைன்னாங்க, அங்க ஃபேனே கிடையாதாம். நாலஞ்சு தலைமுறையா அட்டைக்கடி பட்டு கொழுந்து கிள்ளுனவங்க, வெட்டச் சொன்னவங்க அவங்க இல்ல. அவங்களுக்கு ஒழுங்கா வீடும் பொழைப்பும் குடுத்துட்டு அப்புறமா காட்டைப் பத்திப் பேசியிருக்கணும், இதுல எனக்கு ரெண்டு மனசு கிடையாது.

அந்த மைனி கேட்ட கேள்விக்குத்தான் என்கிட்ட பதில் இல்ல. மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே கிழக்க கையைக் காட்டி, "மலைக்கு ஆகாதுன்னு எங்களை எறக்கிவிட்டாவ, இங்கன வந்து பாத்தா மலையையே வெடி வெச்சு எடுக்காவ, இது ஆகுமாக்கும்?"னாங்க.

ஜூலை 13

பங்குனி உத்திரத்தைப் பத்தி எழுதணும்னு ஏப்ரல்ல இருந்து நெனைக்கேன்.

எங்க சாஸ்தா பொத்தையடியிலதான் இருக்காரு. நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம், மெட்ராஸ்ல இருந்தாலும் பம்பாயில இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவனவன் சாஸ்தா கோயில்ல வந்து நின்னாகணும். இந்த வருசம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வெடி போடாதீங்கன்னு ஒரு வாரம் முன்னாலயே போயி கேட்டோம், சரின்னு தலையாட்டுனாங்க. காலைல போயி பாத்தா ஆலமரத்து இலை எல்லாம் சாம்பல் நிறம், சாமிக்குச் சாத்தியிருந்த சந்தனம் மேல பொடி. வாழை எலையைத் தண்ணி தெளிச்சுத் தொடைச்சா தண்ணி கலங்கலா வழியுது, மூணு தடவை தொடைச்சோம். மதியம் பானை பொங்கி வந்துச்சு, பொம்பளைக குலவை போடவும் அங்க சைரன் அடிக்கவும் சரியா இருந்துச்சு. குலவை நின்னுபோச்சு. எல்லாரும் பொத்தையைத் திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்கோம். டம்முன்னு ஒரு சத்தம், காலுக்கடியில தரை ஒரு தடவை அசைஞ்சுது, கோயில் மணி ஆள் தொடாமலே கிண்ணுன்னுச்சு.

ஆச்சி மட்டும் அப்புறமும் குலவை போட்டா, தனியா. அவளுக்கு 91 வயசு, மூச்சு பத்தல. ரெண்டாவது தடவை எங்க அத்தை சேந்துக்கிட்டாங்க, அப்புறம் எல்லாரும்.

வெடிச்சவங்க மேல கோவப்படுறதா, தலையாட்டுனதை நம்புன எங்க மேல கோவப்படுறதான்னு தெரியாம அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

ஜூலை 25

நேத்து ஆடி அமாவாசை. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன், எல்லா சாஸ்தாவுக்கும் அவருதான் மூத்தவரு. காரையாறு தண்ணி அம்புட்டுத் தெளிவு, கூழாங்கல் தெரியுது. பூங்குளத்துல பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேருற வரைக்கும் 128 கிலோமீட்டர் ஓடுற ஆறு, இங்கதான் இன்னும் புள்ளை மாதிரி இருக்கு. கீழ பாபநாசத்துக்கு எறங்கி வந்தா, பரிகாரம்னு விட்டுட்டுப் போன சேலை, வேட்டி, சட்டை படித்துறையில பாசி மாதிரி சுத்திக்கிட்டு கிடக்கு. பொடிப் பையங்க ரெண்டு பேரு கம்பு வெச்சு இழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, நானும் கொஞ்ச நேரம் சேந்து இழுத்தேன். ஈரத்துணி என்ன கனம் கனக்குது. இதுக்குக் குவாரிக்காரன் காரணம் இல்ல, சர்க்கார் காரணம் இல்ல, பக்தியா வாற நாமதான்.

ஆகஸ்ட் 3

சட்டம் என்ன சொல்லுதுன்னு நெறைய பேரு கேட்டிருக்கீங்க, வக்கீல் ஒருத்தர்கிட்ட உக்காந்து தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுதேன். குடியிருப்புல இருந்து 300 மீட்டருக்குள்ள கல் குவாரிக்குக் குத்தகை குடுக்கக் கூடாது. 2021 நவம்பர்ல இன்னொரு விதி வந்துச்சு, சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு இதுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள குவாரி கூடாதுன்னு. நாங்க எம்புட்டு சந்தோசப்பட்டோம். 2022 டிசம்பர்ல அதுல இருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துட்டாங்க. புலிகள் காப்பகத்துக்கு 1 கிலோமீட்டர் இன்னும் இருக்கு, காப்புக்காட்டுக்கு அந்தக் காவல் இல்ல. மொதல் கேள்வி கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். கோட்டுக்கு உள்ள பத்திரம், ஆனா கோடு எங்க இருக்குங்கிறதை ஒரு அரசாணை நகட்டிரும்.

எங்க பொத்தையில இன்னும் தெக்குப் பாதி மிச்சம் இருக்கு, தெக்கு ஓடையும் உசுரோட இருக்கு. அங்க புதுசா குத்தகை கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறதா கேள்விப்பட்டு, குறைதீர் கூட்டத்துல மனு குடுத்து ரசீது வாங்கியாச்சு. கடைசி வீட்டுல இருந்து அந்தப் பாறை வரைக்கும் நானும் மைனி மவனும் டேப்பு பிடிச்சு அளந்தோம், 260 மீட்டர் வருது. நாங்க அளந்தது செல்லாது, சர்வேயர் அளக்கணும். நில அளவைப் புலப்படம் எடுத்து வெச்சிருக்கோம், அதுல தெக்கு ஓடை ஓடைப் புறம்போக்குன்னு தெளிவா இருக்கு.

வாற சனிக்கிழமை, 9-ஆம் தேதி, சர்வேயர் வாரேன்னு சொல்லியிருக்காரு. ஆளு நெறைய நின்னா நல்லது. காலைல ஏழு மணிக்கு சாஸ்தா கோயில் ஆலமரத்தடிக்கு வந்துருங்க, வெயிலு சீக்கிரமே ஏறிரும், குடிக்கத் தண்ணி கொண்டு வாங்க. முள்ளுக் காடு, செருப்பு மட்டும் போட்டுட்டு வராதீங்க. ஆச்சி தானும் வாறேங்கா, கட்டிலைத் தூக்கிப் போடணும், அதுக்கு ரெண்டு பேரு முன்னாலயே வாங்க.